ரிவால்வரின் உதையையும் வெடியோசையையும் ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி

எந்த ரிவால்வர் கூட உதைக்கும் என்று கேட்டால் பலரும் சன்னத்தின், அதாவது பறந்து போகும் குண்டின், விட்டத்தை வைத்தே பதில் சொல்வார்கள்: .44 (அங்குலக் கணக்கில்) பயங்கரம், .38 பரவாயில்லை. கைக்கு அப்படித் தெரிவதில்லை. ஏறக்குறைய 410 கிராம் எடையுள்ள, அலுமினிய உடல் கொண்ட சிறிய ஸ்மித் அண்ட் வெசன் 642இல் சுடும் .38 ஸ்பெஷல், 1.1 கிலோ எடையுள்ள பழைய வெப்லி மார்க் 6இல் சுடும் .455ஐ விட உள்ளங்கையை நோகவைக்கும். சன்னம், துப்பாக்கியின் எடை, பிடியின் வடிவம் மூன்றும் சேர்ந்துதான் கைக்கு வருகின்றன. அதனால் ஒப்பிடும்போது ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இதை மறந்தால் எத்தனை துப்பாக்கி சுட்டாலும் மிஞ்சுவது அபிப்பிராயம் மட்டும்தான்.

எங்கே சுடலாம்

கொழும்பில் இருந்துகொண்டு ஐந்தாறு ரிவால்வரை அடுக்கி வைத்துச் சுடுவது சாதாரண ஆளுக்கு நடக்காத காரியம். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ்தான் இங்கே எல்லாம் நடக்கிறது. அனுமதிப்பத்திரம் ஆளுக்கும் ஆயுதத்துக்கும் சேர்த்துக் கொடுக்கப்படுவது. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியது. தெரிந்தவரின் தோட்டத்தில் அவருடைய கைத்துப்பாக்கியை வாங்கி "இரண்டு வெடி" சுட்டுப் பார்ப்பது விளையாட்டல்ல, குற்றம். விளையாட்டுச் சூட்டில் ஆர்வமுள்ளவர்கள் சங்கம் ஒன்றில் சேர்ந்து முறைப்படி பயிற்சிக்குப் போகலாம். 25 மீற்றர் சென்டர் ஃபயர் பிஸ்டல் போட்டிக்கு 7.62 முதல் 9.65 மில்லிமீற்றர் வரை விட்டமுள்ள சன்னங்கள் செல்லும், ஆகவே .32உம் .38உம் அதற்குள் அடங்கும்.

மற்றவர்களுக்கு வாய்ப்பு வெளிநாட்டில்தான். பாங்கொக், பட்டாயா, புக்கெட் ஆகிய இடங்களில் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைத் துப்பாக்கியும் பயிற்றுநரும் கிடைக்கும் சுடுதளங்கள் உண்டு. அமெரிக்காவில் உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுற்றுலா விசாவில் வந்தவர் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதை அங்குள்ள கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. ஏதாவதொரு மாநிலத்தின் செல்லுபடியான வேட்டை அனுமதிப்பத்திரம் இருந்தால் விலக்கு உண்டு. நிரந்தர வதிவிட உரிமை உள்ளவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. சுடுதளத்துக்குப் போக முன்பே தொலைபேசியில் இதைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். மச்சான் அழைத்துப் போகிறார் என்பது சட்டத்துக்கு ஒரு காரணமாகாது.

சுட முன் ஒரு கணக்கு

கையில் எடுக்க முன்பே எது எப்படி உதைக்கும் என்று ஓரளவு கணிக்கலாம். சன்னத்தின் எடையைக் கிலோகிராமில் எடுத்து அதன் வேகத்தால் (செக்கனுக்கு மீற்றரில்) பெருக்குங்கள். பெட்டியில் எடை கிறெயினில் இருக்கும். ஒரு கிறெயின் 0.0648 கிராம். வெடிமருந்தின் எடையைச் சன்ன வேகத்தின் ஒன்றரை மடங்கால் பெருக்கி அதோடு கூட்டுங்கள். மொத்தத்தைத் துப்பாக்கியின் எடையால் வகுத்தால், துப்பாக்கி கைக்குள் பின்னோக்கி வரும் வேகம் கிடைக்கும். அந்த வேகத்தின் வர்க்கத்தைத் துப்பாக்கி எடையின் பாதியால் பெருக்கினால் உதையின் சக்தி, ஜூலில்.

வழக்கமான தோட்டாக்களுக்கு வரும் விடைகள் ஏறக்குறைய இப்படி. ஒரு கிலோ எடையுள்ள .22 ரிவால்வர்: 0.3 ஜூல். நான்கு அங்குலக் குழல் கொண்ட ஸ்மித் அண்ட் வெசன் மொடல் 10இல் 158 கிறெயின் .38 ஸ்பெஷல்: 3 ஜூல். 1932இல் பிரித்தானிய இராணுவம் ஏற்றுக்கொண்ட என்ஃபீல்ட் எண் 2, 200 கிறெயின் சன்னத்தோடு: 4 ஜூல். 1915இன் வெப்லி மார்க் 6: 5 ஜூல். முன்னே சொன்ன 642: கிட்டத்தட்ட 6 ஜூல். 1.13 கிலோ ரிவால்வரில் .357 மக்னம் (மக்னம் என்றால் கூடிய வலுவுள்ள தோட்டா): எட்டரை. 1.36 கிலோ எடையுள்ள ஸ்மித் அண்ட் வெசன் மொடல் 29இல் .44 மக்னம்: 19.

சக்தியை மட்டும் பார்த்தால் பாதி விஷயம் தவறிவிடும். துப்பாக்கி பின்வரும் வேகத்தைப் பாருங்கள். மொடல் 10 செக்கனுக்கு 2.5 மீற்றர். வெப்லி 3. சின்ன 642உம் பெரிய மொடல் 29உம் இரண்டுமே 5.3 மீற்றர்! கூர்மையாகச் சுள்ளென்று வருவது இந்த வேகத்தால். எவ்வளவு தூரம் கையைத் தூக்கிக்கொண்டு போகும் என்பதைத் தீர்மானிப்பது எடையும் சக்தியும். ஆகவே 642 கொடுக்கும் அடி .44இன் வேகத்தில் வரும், ஆனால் பின்னால் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான பலமே இருக்கும். வெப்லி கொடுப்பது ஒரு தள்ளு. ஒருவர் உங்கள் கையைப் பிடித்துத் தள்ளுவதற்கும், அடிமட்டத்தால் உள்ளங்கையில் அடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது.

பிடியும் விசையும்

கணக்கில் வராதது பிடி. குழலின் அச்சு கைக்கு மேலே எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்கு முனை மேலே துள்ளும். கியாப்பா ரைனோ என்ற ரிவால்வர், சுழல் அறையில் (தோட்டாக்களைச் சுமந்து சுழலும் உருளையில்) மேலே உள்ள தோட்டாவுக்குப் பதிலாகக் கீழே உள்ளதைச் சுடுவதால், அதே .357 அங்கே அவ்வளவாக மேலே துள்ளாமல் நேராகப் பின்னால் வருகிறது. 1873இன் கோல்ட் சிங்கிள் அக்‌ஷன் ஆர்மியின் வளைந்த வழுவழுப்பான பிடி உதைக்கும்போது உள்ளங்கைக்குள் உருளும். முனை உயர எழும், ஆனால் தோல் நோகாது. நவீன இரட்டை இயக்க ரிவால்வர்களில் பிடியின் மேல்பகுதியில் உள்ள முதுகு அந்த உருளலைத் தடுப்பதால் அடி பெருவிரலின் அடியில் வந்து விழும். பிடியின் பின்பக்கத்தை றப்பர் மூடியிருக்கிறதா, அல்லது உலோகம் திறந்தே இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இதே துப்பாக்கி, இதே தோட்டா, பிடியை மட்டும் மாற்றினாலே வேறு துப்பாக்கி போலத் தெரியும்.

விசையையும் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். ஹமரை, அதாவது தோட்டாவின் பின்புறத்தில் அடிக்கும் சுத்தியலை, பெருவிரலால் பின்னிழுத்து வைத்துச் சுட்டால் ஒன்றரைக் கிலோ அளவு அழுத்தம் போதும். விசையை முழுதாக இழுத்துச் சுட்டால் நாலரை முதல் ஐந்தரைக் கிலோ வேண்டும். ரஷ்ய நகான் 1895இல் அது 9 கிலோவை நெருங்கும். விசை பாரமாக இருந்தால் கை முழுவதும் இறுகிவிடும், உதையும் வேறு மாதிரித் தெரியும். முதல் சுற்றை ஹமர் இழுத்து, இரண்டாம் சுற்றை முழு இழுவையில் என்று இயன்ற துப்பாக்கிகளுக்கெல்லாம் ஒரே ஒழுங்கை வைத்துக்கொள்ளுங்கள். 642இல் ஹமர் உடலுக்குள் மறைந்திருப்பதால் அங்கே முழு இழுவை மட்டும்தான்.

சுடும் ஒழுங்கு

தூரம் 10 மீற்றர், இலக்கில் 15 சென்ரிமீற்றர் வட்டம், இரு கைப் பிடி, நின்ற நிலை. இவற்றில் எதையும் நடுவில் மாற்றக்கூடாது. ஒவ்வொன்றிலும் 12 வெடி போதும், .44இல் 6 போதும். மொத்தம் 72 வெடியைத் தாண்டினால் கை களைத்துவிடும், அதன் பின் எழுதுவது எதுவும் நம்பத்தக்கதல்ல.

1. .22, கையையும் கண்ணையும் பழக்குவதற்கு.
2. நான்கு அங்குல எஃகு .38.
3. .357 ரிவால்வரில் .38 ஸ்பெஷல் தோட்டா (அதன் அறைக்குள் இதுவும் செல்லும்).
4. அதே ரிவால்வரில் .357 மக்னம்.
5. இலேசான சிறிய .38.
6. .44 மக்னம், விருப்பமிருந்தால்.
7. மறுபடி இரண்டாம் துப்பாக்கி, 6 வெடி.

மூன்றும் நான்கும்தான் இந்தப் பயிற்சியின் உயிர். துப்பாக்கி அதே, பிடி அதே, எடை அதே. தோட்டா மட்டும் மாறுகிறது. இரண்டுக்கும் ஐந்துக்கும் தோட்டா அதே, துப்பாக்கி மாறுகிறது. இந்த இரண்டு சோடிகளை ஒழுங்காகச் சுட்டாலே உதை எங்கிருந்து வருகிறது என்பது கைக்கு விளங்கிவிடும். ஏழாவது படி சரிபார்ப்பதற்கு. முதலில் (1 முதல் 5 வரையில்) 2 என்று புள்ளியிட்ட துப்பாக்கி இப்போது 4 போலத் தெரிந்தால் கை களைத்துவிட்டது; இடையில் எழுதியதை இன்னொரு நாள் மறுபடி சுட்டுப் பாருங்கள். பெரியதிலிருந்து தொடங்கினால் வேறு பிழை வரும்: .44க்குப் பிறகு சுடும் எல்லாமே பூப்போலத் தெரியும்.

மனம் முன்கூட்டியே முடிவு செய்வதைத் தடுக்க ஒரு வழி உண்டு. .357 ரிவால்வரைப் பயிற்றுநரிடம் கொடுத்து, உங்களுக்குத் தெரியாமல் .38ஐயும் .357ஐயும் கலந்து நிரப்பச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு அறையில் பொய்த் தோட்டாவும் இருக்கட்டும். ஒவ்வொரு வெடிக்கும் பிறகு எது என்று சொல்லுங்கள், அவர் எழுதட்டும். பொய்த் தோட்டாவில் "டிக்" என்ற சத்தம் மட்டும் வரும்போது குழலின் முனை கீழே குத்தினால், நீங்கள் உதைக்குப் பயந்து முன்கூட்டியே கையைத் தள்ளுகிறீர்கள் என்று அர்த்தம். அந்தப் பழக்கம் தீரும் வரை உதையைப் பற்றிய உங்கள் மதிப்பீடு உங்கள் பயத்தின் மதிப்பீடுதான்.

வியர்வையையும் கணக்கில் எடுங்கள். கொழும்பைப் போன்ற புழுக்கமான இடங்களில் வழுவழுப்பான மரப்பிடி இரண்டாம் சுற்றிலேயே நழுவத் தொடங்கும், றப்பர் அவ்வளவு நழுவாது. சுற்றுக்குச் சுற்று கையையும் பிடியையும் துடைக்காவிட்டால் நீங்கள் ஒப்பிடுவது வியர்வையைத்தான்.

அளக்க வேண்டுமானால் தொலைபேசி போதும். செக்கனுக்கு 240 படம் எடுக்கும் மெதுஓட்டத்தில், சூட்டுக் கோட்டுக்குப் பின்னால் நின்று, பக்கவாட்டாகப் பிடியுங்கள். பின்னணியில் அளவுக்கோடு வரைந்த அட்டை ஒன்று இருக்கட்டும். முனை எவ்வளவு எழுந்தது, முன்குறி இலக்குக்குத் திரும்ப எத்தனை படம் ஆனது என்று எண்ணுங்கள். ஒரு படம் ஏறக்குறைய 4 மில்லிசெக்கன். இலக்குத் தாளும் ஒன்று சொல்லும்: அதே குறியில் சுட்டாலும் பாரமான மெதுவான சன்னம் இலேசான வேகமான சன்னத்தை விட உயரத்தில் படும். சன்னம் குழலை விட்டு வெளியேற முன்பே துப்பாக்கி எழத் தொடங்கிவிடுகிறது, மெதுவான சன்னம் அதற்குள் அதிக நேரம் இருக்கிறது.

ஓசை

முதலில் காது. கணத்தாக்கு ஓசைக்குப் பாதுகாப்பு எல்லையாக வைத்திருப்பது உச்சத்தில் 140 டெசிபெல். ரிவால்வர்கள் பொதுவாக 150ஐத் தாண்டுகின்றன, மக்னங்கள் 160ஐயும் தாண்டுகின்றன. வெடி மிகக் குறுகிய நேரமே இருப்பதால் காது அதன் உண்மையான உச்சத்தை உணர்வதில்லை. "அவ்வளவு சத்தமாகத் தெரியவில்லையே" என்று தோன்றும், ஆனால் உட்காதின் மயிர்க்கலங்கள் செத்தால் மறுபடி வளராது. ஒரு வெடிகூடக் காப்பில்லாமல் வேண்டாம். நுரைச் செருகியைச் சுருட்டி, மறுகையால் காதை மேலும் பின்னும் இழுத்து, ஆழமாகச் செருகி, அது விரியும் வரை அரை நிமிடம் பிடித்திருங்கள். அதற்கு மேல் காதுக்கவசம். இரண்டையும் போட்டால் காப்பு இரண்டு எண்ணின் கூட்டுத்தொகை ஆகாது; கூடிய எண்ணோடு ஏறக்குறைய 5 டெசிபெல்தான் சேரும், ஆனால் அந்த 5 தேவை. புறக்கோட்டை ஹாட்வெயார்க் கடைகளில் தொழிற்சாலைக் கவசம் வாங்கினால் பெட்டியில் என்.ஆர்.ஆர். எண் (ஓசையை எத்தனை டெசிபெல் குறைக்கும் என்ற மதிப்பு) அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். எண் இல்லாததை வாங்காதீர்கள்.

இனி ஒப்பீடு. ரிவால்வரின் சத்தம் மூன்று இடத்திலிருந்து வருகிறது. முதலாவது குழல் முனையில் வெளியேறும் வாயு. இரண்டாவது சுழல் அறைக்கும் குழலுக்கும் இடையே உள்ள 0.1 முதல் 0.2 மில்லிமீற்றர் இடைவெளியால் பக்கவாட்டில் பீறிடும் வாயு. பக்கத்து மேடையில் நிற்பவருக்கு ரிவால்வர் கூடக் கொடூரமாகக் கேட்பது இதனால்தான். நகான் 1895 சுடும்போது சுழல் அறையை முன்னே தள்ளி இந்த இடைவெளியை மூடிவிடும். பக்கவாட்டு வெடிப்பு இல்லாத ஓசை எப்படி இருக்கும் என்று கேட்க அது நல்ல உதாரணம்.

மூன்றாவது, சன்னம் ஒலியை விட வேகமாகப் போனால் எழும் சொடுக்கு. கொழும்பின் 30 பாகை வெப்பத்தில் ஒலியின் வேகம் செக்கனுக்கு 349 மீற்றர். .38 ஸ்பெஷல் 230, ரிவால்வரிலிருந்து .22 ஏறக்குறைய 290, வெப்லி 190. இவை எதற்கும் சொடுக்கு இல்லை. 375இல் போகும் .357க்கும் 410இல் போகும் .44க்கும் உண்டு. ஆனால் அந்த அலை முன்னோக்கியும் பக்கவாட்டிலும் போகிறது. சுடுபவருக்கு அது நேரே வராது. மண் அணையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பியே வரும்.

ஆக, சொற்களைப் பிரித்து எழுதுங்கள்: தாக்கத்தின் கூர்மை, அடிக்கனம், வால் போல நீளும் எதிரொலி. .38 தட்டையான "டப்", .455 தாழ்ந்த கனமான "தும்", .357 கூரான "டார்", அதுவும் 125 கிறெயின் இலேசான சன்னத்தில் இன்னும் கூர்மை. இரண்டு அங்குலக் குழலில் மருந்து முழுதாக எரிய முன்பே வெளியே வருகிறது, முனையும் முகத்துக்குக் கிட்ட இருக்கிறது. அதே தோட்டா அங்கே கூடச் சத்தம் போடும், தீச்சுவாலையும் காட்டும். மூடிய சுடுதளத்தில் சுவர் எதிரொலி எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிடுவதால் ஓசை ஒப்பீட்டைத் திறந்த வெளியில் செய்யுங்கள். மின்னணுக் காதுக்கவசம் உச்சத்தை வெட்டிவிடும், அதைப் போட்டுக்கொண்டு ஓசையை மதிப்பிட முடியாது. சாதாரணக் கவசத்தோடு, பயிற்றுநர் அனுமதிக்கும் இடத்தில், 15 முதல் 25 மீற்றர் பின்னால் நின்று கேட்பதே நல்லது. தூரம் இருமடங்கானால் திறந்த வெளியில் 6 டெசிபெல் குறையும்.

ஒலிப்பதிவில் ஏமாறாதீர்கள். தொலைபேசியின் மைக் இந்த உச்சத்துக்கு முன்பே திணறிவிடும். அதிலுள்ள தன்னியக்கக் கட்டுப்பாடு .22ஐயும் .44ஐயும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்துவிடும். விலை குறைந்த ஓசைமானியும் அவ்வாறே, அதன் முள் நகர முன்பே வெடி முடிந்துவிடும். தனிப் பதிவுக் கருவி இருந்தால் தன்னியக்கத்தை நிறுத்தி, உள்வாங்கும் ஒலியளவை (gain) மிகக் கீழே வைத்து, 96 கிலோஹெர்ட்சில், எல்லாத் துப்பாக்கிக்கும் ஒரே இடத்தில் வைத்து எடுங்கள். 32 பிட் மிதவைப் (32-bit float) பதிவு கோப்பைக் காப்பாற்றும், மைக்கின் மென்தகட்டைக் காப்பாற்றாது. தொலைபேசிப் பதிவால் ஒரு பயன் உண்டு. அலைவடிவில் இரு வெடிக்கு இடைப்பட்ட நேரத்தை அளக்கலாம். உதை கூடிய துப்பாக்கியில் அந்த இடைவெளி நீளும்.

பிழை நேரும் இடங்கள்

பிஸ்டலில் பழகியவர்கள் இடது பெருவிரலை முன்னே நீட்டுவார்கள். ரிவால்வரில் அது இடைவெளி வாயுவுக்கு நேரே போகும். மக்னம் என்றால் தோலையும் சதையையும் கிழிக்கும். எந்த விரலும் சுழல் அறையின் முன்விளிம்பைத் தாண்டக்கூடாது.

வழக்கத்துக்கு மாறாக "புஸ்" என்று மெல்லிய சத்தமும் இலேசான உதையும் வந்தால் உடனே நிறுத்துங்கள். சன்னம் குழலுக்குள் நின்றிருக்கலாம், அடுத்த வெடி குழலைப் பிளக்கும். ஓசையைக் கவனித்துக் கேட்கும் பழக்கம் உயிர் காக்கும் இடம் இது. விசை இழுத்தும் வெடிக்காவிட்டால் முனையை இலக்குப் பக்கமே வைத்து 30 செக்கன் காத்திருங்கள். மறுபடி விசையை இழுத்து அடுத்த அறைக்குப் போகாதீர்கள்; தாமதமாக வெடித்தால் அந்தத் தோட்டா குழலுக்கு நேரே இருக்காது.

இலேசான துப்பாக்கியில் உதையின் வேகத்தால், சுடாத தோட்டாக்களின் சன்னம் கோதிலிருந்து (உலோக உறையிலிருந்து) முன்னே நழுவி வந்து சுழல் அறையை இறுக்கிவிடும். நான்கு வெடிக்குப் பிறகு ஐந்தாவதை எடுத்துப் பார்த்தால் நீளம் கூடியிருப்பது தெரியும். அந்தத் தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு ஆகாது. .357 அறையில் நிறைய .38 சுட்டால் கட்டையான கோதுக்கு முன்னே கரி வளையம் படியும், பிறகு போடும் .357 தோட்டா இறுகும். மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் இடையே அறைகளைத் தூரிகையால் ஒரு தடவை துடைக்கச் சொல்லுங்கள். வெற்றுக் கோதுகளை வெளியேற்றும்போது முனையை மேலே பிடித்து ஒரே அழுத்தாக அழுத்துங்கள். கீழே பிடித்து மெதுவாகத் தள்ளினால் கோது ஒன்று வெளித்தள்ளியின் கீழ் மாட்டிக்கொள்ளும்.

குறிப்புத் தாளில் துப்பாக்கியின் எடை, குழல் நீளம், பிடியின் பொருள், தோட்டாவின் தயாரிப்பும் சன்ன எடையும், ஹமர் இழுத்ததா முழு இழுவையா, திறந்த வெளியா மூடியதா, காதில் என்ன இருந்தது என்பவற்றை எழுதுங்கள். உதைக்கு உள்ளங்கை எரிவு, முனைத் துள்ளல், மணிக்கட்டு முறுக்கு, இலக்குக்குத் திரும்பல் என நான்கையும் தனித்தனியே 1 முதல் 5 வரை புள்ளியிடுங்கள். ஒரே மொத்தப் புள்ளியாகப் போட்டால் 642உம் .44உம் ஒன்றுபோல ஆகிவிடும். சுட்ட உடனே எழுத வேண்டும், சாப்பாட்டு மேசையில் அல்ல.

சாப்பாடு என்றதும் இன்னொன்று. தோட்டாவின் தீமூட்டியிலும் சன்னத்திலும் ஈயம் உண்டு. கையையும் முகத்தையும் சவர்க்காரம் போட்டுக் குளிர்ந்த நீரில் கழுவிய பிறகே எதையும் வாயில் வைக்க வேண்டும். அன்றைய உடுப்பைத் தனிப் பையில் கட்டி, துவைத்த பிறகே பயணப்பெட்டியில் வையுங்கள். மருந்துத் துகள் விமான நிலையச் சோதனையில் தெரியவரும். வெற்றுக் கோது ஒன்றைக்கூட, திறப்புக்கோர்வையாகச் செய்து விற்பதையும்கூட, கட்டுநாயக்கவுக்குக் கொண்டுவராதீர்கள். பையின் அடியிலும் காற்சட்டை மடிப்பிலும் சப்பாத்துக்குள்ளும் கோது விழுந்து கிடக்கும். சுடுதளத்தை விட்டு வர முன்பே எல்லாவற்றையும் உதறிப் பாருங்கள்.